வரி உடையும் இடம்

வணக்கம் ஐயா,

மும்பையில் கிராஃபிக் டிசைன் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பிறந்து வளர்ந்தது தாராவி. ஐந்தாம் வகுப்பு வரை மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி, பிறகு ஆங்கிலம். இந்தப் பருவத்தில் பக்க வடிவமைப்பும் எழுத்தமைப்பும் பாடம். தாய்மொழியில் 16 பக்கச் சிறுநூல் ஒன்று செய்யச் சொன்னார்கள். என் பாட்டி அம்பாசமுத்திரத்திலிருந்து தாராவிக்கு வந்த கதையை அவர் சொல்லச் சொல்ல எழுதி, பக்கத்தை நெடுக்காகப் பிரித்து இரண்டு பத்தியாக அமைத்தேன். ஆசிரியர் பார்த்துவிட்டு, "பக்கம் முழுக்க ஓட்டை. உங்கள் மொழியில் சொற்கள் நீளம், இதற்கு ஒத்துவராது. ஆங்கிலத்தில் செய்துவிடு" என்றார். நல்ல தமிழ் எழுத்துரு எது? தமிழ் உண்மையிலேயே இதற்கு ஒத்துவராத மொழியா? தோழிகள் எல்லோரும் செயலி வடிவமைப்புக்குப் போகிறார்கள், நானும் போய்விடலாமா? பக்கங்களை இணைத்திருக்கிறேன்.

எம்.

அன்புள்ள எம்.,

சென்ற வாரம்தான் புதிதாக வந்த ஒரு தமிழ் நாவலைப் பாதியில் மூடிவைத்தேன். கதை நன்றாகவே இருந்தது. பக்கம்தான் படிக்கவிடவில்லை. ஒவ்வொரு வரியிலும் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி. அந்த எரிச்சலோடு இருக்கும்போது உங்கள் கடிதம் வந்தது. ஆகவே கொஞ்சம் சூடாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுத்துருவை முதலில் முடித்துவிடுகிறேன். மும்பையில் உட்கார்ந்துகொண்டு இதை என்னிடம் கேட்கிறீர்கள்! விண்டோஸ் கணினியில் நீங்கள் பார்த்திருக்கும் லதா, உங்கள் ஊர் ஐ.ஐ.டி.யின் வடிவமைப்புப் பள்ளியில் பாடம் நடத்திய ஆர்.கே. ஜோஷியின் வழிகாட்டலில் உருவானது. முக்த மலர், பலூ தம்பி இரண்டும் மும்பை ஏக் டைப் குழுவினர் செய்தவை, இலவசமாகவே கிடைக்கின்றன. தம்பி தலைப்புக்குத்தான். பாட்டி கதைக்கு மலரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் எதை எடுத்தாலும் உங்கள் ஓட்டைகள் அடையப்போவதில்லை.

உங்கள் முதல் பக்கத்தின் கீழே, வடிவமைப்பவர்கள் இடம் நிரப்பப் போடும் 'லோரம் இப்சம்' இரண்டு வரி அழிக்கப்படாமல் கிடக்கிறது. அதுதான் உங்களைக் காட்டிக்கொடுத்தது. கி.மு. 45இல் ரோமானிய அறிஞர் சிசரோ எழுதிய நூலைச் சிதைத்து எடுத்த அந்தப் பொருளற்ற லத்தீனைக் கொட்டி, அது அழகாக நிற்கும்வரை பத்தியின் அகலத்தைச் சரிசெய்திருக்கிறீர்கள். பிறகு அதற்குள் பாட்டியைக் கொண்டுவந்து அடைத்திருக்கிறீர்கள். சிசரோவுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது. பாட்டிக்குப் பொருந்தவில்லை என்றால் பாட்டியின் உடம்பையா குறை சொல்வது? 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற தமிழ் நூல் அச்சேறிய நாளிலிருந்து காகிதத்தில் புழங்கிவரும் மொழி இது. ஒத்துவராது என்று உங்கள் ஆசிரியர் சொன்னார், சரி. அவருக்குத் தமிழ் தெரியாது. உங்களுக்குத் தெரியுமே, அம்மா! கேட்டுக்கொண்டு எப்படிச் சும்மா வந்தீர்கள்?

பக்கத்துக்கு இரண்டு பத்தி என்றால் வரிக்கு 40 முதல் 50 எழுத்து என்பது ஆங்கிலப் பாடநூல்களின் கணக்கு. உங்கள் பத்தியில் எண்ணிப் பார்த்தேன். தமிழில் வரிக்கு ஏறத்தாழ 22 எழுத்துதான் கொள்கிறது. பாட்டியோ 'வந்துகொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்கிறார். 18 எழுத்து. அந்தச் சொல்லுக்கு இந்த வரியில் இடம் போதவில்லை என்றதும் மென்பொருள் அதை முழுதாக அடுத்த வரிக்குத் தள்ளிவிடுகிறது. மேலே மிஞ்சிய இரண்டு சொற்களைப் பத்தியின் இரு ஓரங்களுக்கும் இழுத்து நிறுத்துகிறது. இதுதான் உங்கள் ஓட்டை.

சொல்லை உடைக்கக் கூடாது என்று உங்களுக்கு யார் சொன்னது? ஓலைச்சுவடியில் சொல்லுக்கு நடுவே இடைவெளியே கிடையாது. ஓலை எங்கே முடிந்ததோ அங்கே வரி முடிந்தது, மிச்ச எழுத்து அடுத்த வரிக்குப் போனது. வீட்டுக்கு வரும் தமிழ் நாளிதழை எடுத்துப் பாருங்கள். குறுகிய பத்தி, நீளமான சொல், ஆனாலும் ஓட்டை அதிகம் இருக்காது. சொல்லைப் பாதியில் வெட்டி, சிறுகோடுகூடப் போடாமல் அடுத்த வரியில் தொடர்ந்திருப்பார்கள். நாமும் தடுக்காமல் வாசித்துக்கொண்டு போகிறோம். ஆங்கிலத்தில் எந்த எழுத்துக்குப் பின்னும் இப்படி வெட்ட முடியாது, அசை பார்த்துத்தான் வெட்ட வேண்டும், கோடும் போட வேண்டும். நம்முடைய 'கொ' தன்னளவிலேயே ஓர் அசை. இப்படி ஒரு வசதியைக் கையில் வைத்துக்கொண்டு, ஆங்கிலத்துக்குச் செய்த மென்பொருள் காட்டிய வழியில் போய் ஓட்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

கண்ணை மூடிக்கொண்டு வெட்டவும் கூடாது. புள்ளி வைத்த எழுத்தில் வரி தொடங்கக் கூடாது. ஒற்றை எழுத்தைத் தனியே விடக் கூடாது. இவை இரண்டையும் இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுத்துவிடலாம். மூன்றாவதற்கு ஆள் வேண்டும்.

மும்பை மாட்டுங்காவில் முன்பு ஒரு சிறிய தமிழ் அச்சகம் இருந்தது. கல்யாணப் பத்திரிகை, சங்க விழா மலர் எல்லாம் அங்கேதான். அச்சுக்கோப்பவர் திருநெல்வேலி அண்ணாச்சி. 1978 எழுத்துச் சீர்திருத்தத்தை அவர் மன்னிக்கவே இல்லை. ஒரே அச்சாக இருந்த பழைய யானைத் தும்பிக்கை 'லை'க்குப் பதில் இப்போது இரண்டு அச்சு செருக வேண்டியிருக்கிறது என்று புலம்புவார். ஒரு விழா மலருக்கு நான் இராமநவமி பற்றி எழுதிக் கொடுத்திருந்தேன். 'பானகம் கொடுத்தோம், பெரியவர்கள் கேட்டு வாங்கிக் குடித்தார்கள்' என்று அதில் ஒரு வரி. அண்ணாச்சி புரூஃபை என் முன்னால் வைத்து விரலால் காட்டினார். ஒரு வரி 'பெரியவர்' என்று முடிந்திருந்தது. அடுத்த வரி, 'கள் கேட்டு வாங்கிக் குடித்தார்கள்.'

"தம்பி, இராமநவமிப் பந்தலில் கள்ளுக்கடை வைத்துவிட்டேன். மேல் வரியில் 'மிகவும்' இருக்கிறதே, அது வேண்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன். அதை உருவி எடுத்தார், 'கள்' மேலே ஏறிக்கொண்டது. கட்டுரையும் தேறியது. இன்று வரை 'மிகவும்' எழுதக் கை போனால் அவர் விரல்தான் ஞாபகம் வருகிறது.

அவர் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர். எழுத்தமைப்பு என்று ஒரு படிப்பு இருப்பதே அவருக்குத் தெரியாது. ஆனால் கோத்த ஒவ்வொரு வரியையும் வாசித்தார். இன்று பக்கம் செய்யும் பிள்ளைகளில் பலர் வாசிப்பதில்லை. அவர்களுக்குப் பத்தி என்பது சாம்பல் நிறக் கட்டம், அவ்வளவுதான். உங்கள் கல்லூரிகளும் முதல் நாளே லோரம் இப்சத்தைக் கொடுத்து, வாசிக்காமல் பக்கம் செய்யப் பழக்குகின்றன. எனக்கு இதில் கோபம்தான். மறைக்கப்போவதில்லை.

இனி வேலை. இரண்டு பத்தியை ஒன்றாக்குங்கள், பாதித் தொல்லை அதிலேயே தீரும். மிச்சமுள்ள ஓட்டைகளை வரி வரியாக வாசித்துக்கொண்டு போங்கள். பக்கம் அமைக்கும் இன்டிசைன் மென்பொருளில், 'இன்சர்ட் பிரேக் கேரக்டர்' பட்டியலில் 'டிஸ்கிரீஷனரி லைன் பிரேக்' என்று ஒன்று இருக்கிறது. உடையலாம் என்று நீங்கள் நினைக்கும் எழுத்துக்குப் பின்னால் அதைச் செருகினால், கோடு விழாமல் உடையும். 16 பக்கம்தானே, கையாலேயே செய்யலாம். மூன்றாம் பக்கத் தலைப்பில் கொம்பு இடம் மாறி நிற்கிறது. அந்தப் பெட்டிக்கு மட்டும், நம் எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் 'வேர்ல்டு ரெடி' கம்போசரைத் தேர்ந்தெடுக்காமல் விட்டிருக்கிறீர்கள். பாட்டி பேசும் இடங்களைச் சாய்வெழுத்தில் போட்டிருப்பதை எடுத்துவிடுங்கள். நம் எழுத்தைச் சாய்த்தால் பார்க்கச் சகிக்கவில்லை.

செயலி வடிவமைப்புக்குப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போங்கள். அங்கேயும் ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பொத்தானுக்குள் 'பதிவிறக்குக' அடங்காமல் உங்களுக்காகக் காத்துக்கொண்டிருக்கும்.

கதை நன்றாக இருக்கிறது, இரண்டு தடவை படித்தேன். ஏழாம் பக்கத்தில் பாட்டியின் ஊரை 'அம்பாசமுதிரம்' என்று அடித்திருக்கிறீர்கள். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் அந்தத் 'த்'தைப் போட்டுவிடுங்கள்.