"நாங்கள் பிரமிட் இல்லை" என்ற அறிக்கையை எப்படிப் படிப்பது? (கேள்வி பதில்)

உறுப்பினர்களே பொருள் விற்று, புது உறுப்பினர்களையும் சேர்க்கும் ஒரு நெட்வொர்க் மார்க்கெட்டிங் (எம்எல்எம்) கம்பெனி மீது, புதிதாகச் சேருபவர்கள் கட்டும் பணத்தையே மேலே இருப்பவர்களுக்குத் தரும் பிரமிட் மோசடி என்று புகார் எழுந்ததும், அது ஒரு மறுப்பு அறிக்கை விட்டிருக்கிறது. தரமான பொருள் விற்கிறோம், ஆள் சேர்ப்பதற்குப் பணம் தருவதில்லை, முறையாகப் பதிவு செய்திருக்கிறோம், உழைக்காமல் விலகியவர்கள்தான் குறை சொல்கிறார்கள் என்கிறது அறிக்கை. இதை ஒட்டிப் பலர் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். வேறொரு எம்எல்எம் கம்பெனியில் சில வருடம் கமிஷன் கணக்குப் போட்டவன் நான்.

கேள்வி: பொருள்தான் இருக்கிறதே சார், பிறகு எப்படி பிரமிட் ஆகும்?

பொருள் இருந்த பிரமிட்கள் நிறைய. அமெரிக்காவில் கோஸ்காட் என்ற கம்பெனி அழகுசாதனப் பொருள் விற்றது. 1975இல் அந்த வழக்கில் அமெரிக்க வர்த்தக ஆணையம் (எஃப்டிசி) வகுத்த அளவுகோல்தான் இன்றும் அங்கே பேசப்படுகிறது. உறுப்பினர் பணம் கட்டுகிறார். பதிலுக்குப் பொருளை விற்கும் உரிமையும், ஆள் சேர்த்தால் வெகுமதி பெறும் உரிமையும் கிடைக்கின்றன. அந்த வெகுமதிக்கும் கடைசியாகப் பொருளைப் பயன்படுத்துபவரிடம் நடக்கும் விற்பனைக்கும் தொடர்பில்லை. இப்படி இருந்தால் அது பிரமிட்.

அதனால் "பொருள் இருக்கிறதா?" என்று கேட்டு நின்றுவிடாதீர்கள். கமிஷனாக வரும் பணம் யார் பையிலிருந்து வருகிறது என்று கேளுங்கள். கம்பெனியில் சேராத, சேரும் எண்ணமும் இல்லாத ஒருவர் பிடித்துப்போய் வாங்கிய காசா? அல்லது நாளை தானும் சம்பாதிக்கலாம் என்று சேர்ந்தவர் கட்டிய காசா? அறிக்கையை இரண்டு முறை படித்தேன். இந்தக் கேள்விக்குப் பதில் அதில் எங்கும் இல்லை.

கேள்வி: சேர்த்துவிட்டதற்கு என்று தனியாக ஒரு பைசாவும் வராது, எங்கள் கமிஷன் பிளானில் அப்படித்தான் இருக்கிறது. அது உண்மைதானே?

பிளானில் அப்படி இருக்கும். நடப்பது வேறு. சேருபவர் முதல் ஆர்டர் போட வேண்டும். பிறகு மாதாமாதம் இத்தனை பாயிண்டுக்கு (பொருளுக்குக் கம்பெனி போடும் மதிப்பெண்) வாங்கினால்தான் அவர் "ஆக்டிவ்". ஆக்டிவ் இல்லையென்றால் டவுன்லைனிலிருந்து, அதாவது அவருக்குக் கீழே சேர்ந்தவர்களிடமிருந்து, வர வேண்டிய கமிஷனும் வராது. ஆக, ஆளைச் சேர்ப்பதும் ஆர்டரைப் பிடிப்பதும் ஒன்றாகிவிடுகிறது.

நான் கணக்குப் பார்த்த இடத்தில், மாதத்தின் முதல் மூன்று வாரம் ஆர்டர்கள் மந்தமாக வரும். கடைசி இரண்டு நாளில் குவியும். பெரும்பாலானவை பாயிண்ட் வரம்பைச் சரியாகத் தொட்டு நிற்கும். பொருள் தேவைப்பட்டு வாங்குபவர்கள் எல்லோரும் ஒரே நாளில், ஒரே அளவில் வாங்குவார்களா? அந்தப் பட்டியலைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறக்கம் கெட்டது. இணையத்தில் இசை விற்ற பர்ன்லவுஞ்ச் வழக்கிலும் இதே கேள்விதான் எழுந்தது. சேர்ந்தவர்கள் பேக்கேஜ் வாங்கியது முக்கியமாக வெகுமதி வாய்ப்புக்காகத்தான் என்று பார்த்து, அது பிரமிட்தான் என்பதை 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதி செய்தது.

கேள்வி: ஆம்வே வழக்கிலேயே எம்எல்எம் சட்டப்படி சரி என்று தீர்ப்பு வந்துவிட்டதே? எங்களைச் சேர்த்துவிட்ட அப்லைன் அண்ணன் ஒவ்வொரு மீட்டிங்கிலும் சொல்வார்.

1979இல் ஆம்வே பிரமிட் இல்லை என்று எஃப்டிசி முடிவு செய்தது உண்மை. ஆனால் அது எல்லா எம்எல்எம்முக்கும் கொடுத்த சான்றிதழ் இல்லை. அந்தக் கம்பெனியில் இருந்த சில விதிகளைப் பார்த்து எடுத்த முடிவு. மாதம் வாங்கியதில் 70 சதவீதமாவது விற்றிருக்க வேண்டும், போனஸ் பெற குறைந்தது 10 வாடிக்கையாளர்களுக்கு விற்றதாகக் காட்ட வேண்டும், விலகுபவரின் விற்காத சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்பவை அவை. அதே தீர்ப்பில் விலையைக் கட்டுப்படுத்தியதையும் வருமானத்தை மிகைப்படுத்திச் சொன்னதையும் நிறுத்தச் சொன்னார்கள். அண்ணன் இந்தப் பாதியையும் மீட்டிங்கில் சொல்கிறாரா? உங்கள் பிளானில் அந்த விதிகள் உண்டா, யாராவது சரிபார்க்கிறார்களா என்று அவரிடமே கேளுங்கள்.

கேள்வி: ஹெர்பலைஃப் என்ற எம்எல்எம் கம்பெனி எஃப்டிசி வழக்கில் பணம் கட்டியது சரி. ஆனால் அதைப் பிரமிட் என்று யாரும் தீர்ப்பளிக்கவில்லையே?

இல்லைதான். 2012இல் முதலீட்டாளர் பில் ஆக்மன் அதைப் பிரமிட் என்று பகிரங்கமாகச் சொல்லி, அதன் பங்கு விலை சரியும் என்று 100 கோடி டாலர் பந்தயம் வைத்தார். 2016இல் எஃப்டிசியுடன் சமரசம் ஆனது. கம்பெனி 20 கோடி டாலர் தந்தது. தங்கள் தொழில்முறை சரியானது என்பதற்கு அந்தச் சமரசமே ஒப்புதல் என்றது கம்பெனி. "பிரமிட் இல்லை என்று நாங்கள் முடிவு செய்யவில்லை" என்ற பொருளில் பதில் சொன்னார் ஆணையத் தலைவர். ஆக்மனும் 2018இல் அந்தப் பந்தயத்திலிருந்து வெளியேறிவிட்டார்.

எனக்கு முக்கியமாகப் படுவது சமரசத்தின் நிபந்தனை. அமெரிக்காவில் தரும் வெகுமதியில் மூன்றில் இரண்டு பங்காவது, வாடிக்கையாளருக்கு நடந்த, சரிபார்க்கப்பட்ட விற்பனையிலிருந்து வர வேண்டும் என்றார்கள். பணம் யாருடையது என்ற அதே கேள்விதான், பாருங்கள்.

கேள்வி: பதிவு செய்த கம்பெனி என்றால் அரசாங்கமே சோதித்துவிட்டது என்றுதானே அர்த்தம்?

இல்லை. பதிவு என்பது கம்பெனி பிறந்ததற்கான சான்று, அவ்வளவுதான்.

கேள்வி: எந்த ஆபீஸிலும் மேலே ஒருவர், கீழே பலர். அதுவும் பிரமிட்தானே?

ஆபீஸில் கீழே இருப்பவருக்குச் சம்பளம் வருகிறது. வேலையில் நீடிக்க அவர் மாதாமாதம் சரக்கு வாங்குவதில்லை.

கேள்வி: நான் இதில் நன்றாகச் சம்பாதிக்கிறேன். உழைக்காதவர்கள் புலம்பினால் கம்பெனி என்ன செய்யும்?

உங்கள் உழைப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். வீடுவீடாக ஏறி இறங்குவது எளிதில்லை. ஆனால் ஒரு கணக்குப் பாருங்கள். ஒவ்வொருவரும் ஆறு பேரைச் சேர்க்கிறார்கள், எல்லோரும் உங்களைப் போலவே உழைக்கிறார்கள், ஒருவரும் விலகவில்லை என்று வைத்துக்கொள்வோம். 13ஆவது படியில் மட்டும் 1,300 கோடிப் பேர் வேண்டும். உலகில் அத்தனை மனிதர்கள் இல்லை. எந்தப் படியில் நின்றாலும், 100 பேரில் ஏறக்குறைய 83 பேர் கடைசி வரிசையில்தான் இருப்பார்கள். அவர்களுக்குக் கீழே யாருமே இருக்க மாட்டார்கள். வெளி வாடிக்கையாளர் இல்லையென்றால் அந்த 83 பேருக்கு வருமானம் எங்கிருந்து வரும்? அவர்கள் எவ்வளவு உழைத்தாலும் வராது. அவர்களைச் சோம்பேறிகள் என்று அறிக்கையில் எழுதியதுதான் என்னை மிகவும் நோகடித்தது.

கேள்வி: என் அத்தையையும் ஒரு தோழியையும் நானே சேர்த்துவிட்டேன். இப்போது சந்தேகமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?

நீங்கள் நம்பித்தான் சேர்த்தீர்கள் அம்மா, அவர்களுக்கும் அது தெரியும். மூன்று பேர் வீட்டிலும் விற்காமல் கிடக்கும் சரக்கை முதலில் எண்ணுங்கள். திரும்ப எடுத்துக்கொள்வதற்கான காலக்கெடு ஒப்பந்தத்தில் இருக்கும். தேதி தாண்டும் முன் எழுத்தில் கேளுங்கள், ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். அப்லைன் வாய்வார்த்தையாகச் சொல்லும் சமாதானத்தை ஏற்காதீர்கள். ஆனால் அத்தையிடம் இன்றைக்கே பேசிவிடுங்கள். மாதக் கடைசி வருகிறது, ஆக்டிவாக இருக்க அவர் அடுத்த ஆர்டரைப் போட்டுவிடப் போகிறார்.