கரையில் இருக்கும்போதும் கப்பல் நேரமே உங்கள் நேரம்

கேள்வி: வரும் ஜூலையில் ஃபுளோரிடாவிலிருந்து புறப்படும் 7 நாள் சொகுசுக் கப்பலில் கணவர், 6 மற்றும் 10 வயதுப் பிள்ளைகள், 68 வயதான மாமியார் ஆகியோருடன் செல்லவிருக்கிறேன். மெக்சிகோவின் கோசுமெல் தீவு, கிராண்ட் கேமன் தீவு, ஜமைக்காவின் ஃபால்மத் ஆகிய இடங்களில் கப்பல் நிற்கும். கப்பல் நிறுவனம் நடத்தும் கரைச் சுற்றுலாக்கள் 5 பேருக்குக் கட்டுப்படியாகவில்லை. நாங்களாகவே சுற்றிப் பார்க்க நினைக்கிறோம். ஆனால் கப்பல் எங்களை விட்டுப் போய்விடுமோ என்று மாமியார் அஞ்சுகிறார். எப்படித் திட்டமிடுவது?

பதில்: உங்கள் மாமியாரின் அச்சம் நியாயமானது. நிறுவனத்தின் சுற்றுலாவில் சென்றவர்கள் தாமதித்தால் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும், இல்லையேல் அடுத்த துறைமுகத்தில் அவர்களைக் கொண்டுசேர்க்கும் ஏற்பாட்டை நிறுவனமே செய்யும். தாமாகச் சென்றவர்களுக்காக அது காத்திருக்க வேண்டியதில்லை. ஆயினும், கப்பல் நிற்கும் இடத்துக்கு அருகிலேயே நாளைக் கழிக்க முடிவுசெய்தால், மூன்று இடங்களிலும் நீங்கள் சொந்தமாகவே செல்லலாம் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் கடிகாரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பலர் தடுமாறுவது இங்கேதான். இந்த மூன்று தீவுகளிலும் கோடைக்காலத்துக்காகக் கடிகாரத்தை மாற்றும் வழக்கம் இல்லை, ஃபுளோரிடாவில் உண்டு. எனவே ஜூலையில், கப்பல் புறப்பட்ட இடத்தின் நேரத்தையே பின்பற்றினால், தீவின் நேரம் கப்பல் நேரத்தைவிட 1 மணி நேரம் பின்தங்கியிருக்கும். கைப்பேசியோ உள்ளூர் அலைவரிசை கிடைத்ததும் தானாகவே தீவின் நேரத்துக்கு மாறிவிடும். மாலை 4.30க்குள் கப்பலில் ஏறிவிட வேண்டும் என்றால், அந்தக் கணத்தில் உங்கள் கைப்பேசி 3.30 என்று காட்டிக்கொண்டிருக்கும். ஆகவே, இறங்கும் முன் கப்பல் எந்த நேரத்தைப் பின்பற்றுகிறது என்று ஊழியரிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள். முள் கடிகாரம் ஒன்றை அந்த நேரத்தில் வைத்து, மாமியாரின் கையிலேயே கட்டிவிடுங்கள். ஏற வேண்டிய நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே கப்பல் துறைக்குத் திரும்பிவிடுவது என்று வைத்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி நாளைக் கணக்கிடுங்கள்.

கோசுமெலில் பலரும் படகேறிப் பெருநிலத்துக்குப் போய் துலும் இடிபாடுகளைப் பார்த்துவர ஆசைப்படுவார்கள். கடலைக் கடக்கவே ஏறக்குறைய முக்கால் மணி நேரம், அதற்குமேல் நீண்ட சாலைப் பயணம். சொந்தமாகச் செல்பவர்களுக்கு அது வேண்டாம். தீவுக்குள்ளேயே, இஷ்செல் என்னும் மாயர் பெண்தெய்வத்தோடு தொடர்புடைய சான் ஹெர்வாசியோ இடிபாடுகள் இருக்கின்றன. வெயில் ஏறும் முன் அங்கே சென்றுவிட்டு, பிற்பகலில் மேற்குக் கரையில் குளிக்கலாம். கிழக்குக் கரை அழகானதுதான், ஆனால் திறந்த கடலை நோக்கியிருப்பதால் அலையும் உள்ளிழுப்பும் கடுமையாக இருக்கும். பிள்ளைகளை அங்கே நீரில் இறக்காதீர்கள்.

கிராண்ட் கேமனில் கப்பல் கரையை ஒட்டி நிற்பதில்லை. நங்கூரமிட்டு நின்று, சிறு படகுகளில் பயணிகளை ஜார்ஜ் டவுனுக்கு அனுப்பும். அசையும் படகில் கால் வைத்து ஏற மாமியாரின் மூட்டுகள் ஒத்துழைக்குமா என்பதை இப்போதே யோசித்துவிடுங்கள். கரையிலிருந்து கடைசிப் படகு கிளம்பும் நேரமே அன்று உங்களுக்குக் கெடு; கப்பல் புறப்படும் நேரம் அல்ல. கடல் கொந்தளித்தால் இறங்குவதே ரத்தாகலாம் என்பதால், கட்டணமின்றி ரத்துசெய்யக்கூடியவற்றை மட்டும் முன்பதிவு செய்யுங்கள். சொல்லப்போனால் அங்கே முன்பதிவே தேவையில்லை. டாக்ஸியில் சிறிது நேரத்தில் சென்றடையக்கூடிய செவன் மைல் கடற்கரையில் நீர் பெரும்பாலும் அமைதியாக இருக்கும், உங்கள் குடும்பத்துக்கு அதுவே ஒரு நாளுக்குப் போதும். டாக்ஸியில் ஏறும் முன், சொல்லப்படும் கட்டணம் ஆளுக்கா வண்டிக்கா, எந்த நாட்டு டாலரில் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஃபால்மத்தில் எல்லோரும் டன்ஸ் ரிவர் அருவியைப் பற்றித்தான் பேசுவார்கள். அது ஏறக்குறைய ஒரு மணி நேரச் சாலைப் பயணத்தில் இருக்கிறது. வழுக்கும் பாறைகளில் நீரோடு ஏற வேண்டிய இடம் என்பதால் மாமியாருக்கு ஏற்றதும் அல்ல. பிள்ளைகள் விடாப்பிடியாகக் கேட்டால், இந்த ஒரு நாளுக்கு மட்டும் கணவரும் மூத்த பிள்ளையும் நிறுவனத்தின் சுற்றுலாவிலேயே செல்லட்டும். இல்லையென்றால், ஃபால்மத்துக்கு அருகிலேயே ஓடும் மார்த்தா பிரே ஆற்றில் மூங்கில் தெப்பச் சவாரி செய்யலாம். தெப்பக்காரர் கழி ஊன்றிச் செலுத்த, மரநிழலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் மெதுவாக மிதந்து செல்லலாம். முதியவரும் சிறுவரும் சேர்ந்து மகிழக்கூடிய இடமாக எனக்கு இதுதான் தோன்றுகிறது. ஒரு தெப்பத்தில் பெரியவர்கள் இருவர்தாம் அமர முடியும் என்பதால் யார் யாரோடு என்பதை முன்பே தீர்மானித்துவிடுங்கள். இன்னொன்று: ஜமைக்காவில் ராணுவச் சீருடையைப் போன்ற உருமறைப்பு (camouflage) வடிவத் துணிகளைப் பொதுமக்கள் அணியச் சட்டம் அனுமதிப்பதில்லை. பிள்ளைகளின் கால்சட்டைகளை இப்போதே பார்த்துவிடுங்கள்.

ஒவ்வொரு நாளும் இறங்கும்போது கடவுச்சீட்டுகளின் நகல், மாமியாரின் 2 நாள் மருந்து, ஒரு கடன் அட்டை ஆகியவற்றை ஒரே பையில் வைத்துக் கணவர் சுமக்கட்டும். கப்பலில் தரப்படும் அன்றாடச் செய்தித்தாளில் துறைமுக முகவரின், அதாவது கப்பல் நிறுவனத்தின் சார்பில் கரையில் இருப்பவரின், தொலைபேசி எண் பொதுவாக இருக்கும். அதைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். தாமதமாகும் என்று தெரிந்த கணமே அழைக்க வேண்டிய எண் அது.