பன்னிரண்டா, நாற்பதா?

கேள்வி: என் மகள் கல்லூரி தேடிக்கொண்டிருக்கிறாள். வழிகாட்டிப் புத்தகங்கள் நான்கு வாங்கிவிட்டோம். அவள் ஆசைப்படும் கல்லூரிக்கு ஒன்றில் 12-ம் இடம், இன்னொன்றில் 40. மாணவர்கள் போட்ட மார்க் இரண்டோடும் ஒத்துவரவில்லை. எதை நம்புவது?

பதில்: எந்த நம்பரையும் அப்படியே நம்ப வேண்டாம் அம்மா. ஆராய்ச்சிக்கு இவ்வளவு, வேலைவாய்ப்புக்கு இவ்வளவு என்று யாரோ ஒருவர் மார்க் பிரித்துக் கூட்டிய கணக்குதான் தரவரிசை. பிரித்த விதம் மாறினால் இடமும் மாறும்.

கூட்டலுக்குள் போகும் விவரங்களைக் கல்லூரிகளே தருவதும் உண்டு. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம் 'யூ.எஸ். நியூஸ்' நிறுவனம் வெளியிடும் கல்லூரித் தரவரிசைப் பட்டியலில் 2-ம் இடத்தில் இருந்தது. 20 பேருக்கும் குறைவான வகுப்புகள் 82.5 சதவீதம் என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. அங்கேயே கணிதம் கற்பிக்கும் மைக்கேல் தாடியஸ் 2022-ல் அந்த விவரங்களைக் குடைந்தார். பல்கலைக்கழகம் பிறகு வெளியிட்ட கணக்கில் அது சுமார் 57 சதவீதம்தான். அடுத்த பட்டியலில் 18-ம் இடம். பாடம் நடத்தியவர்கள் என்னவோ அதே ஆசிரியர்கள்தான்!

சரி, மாணவர்கள் உண்மையைச் சொல்வார்களே என்பீர்கள். சொல்வார்கள், விட்டால். 2008-ல் பிரிட்டனின் கிங்ஸ்டன் பல்கலைக்கழக உளவியல் துறையில், கருத்துக்கணிப்பில் நல்ல மார்க் போடச் சொல்லி ஆசிரியர்களே மாணவர்களிடம் பேசியது ஒலிப்பதிவோடு வெளியே வந்தது. அந்தத் துறையின் முடிவுகளை நீக்கிவிட்டார்கள்.

இருந்தாலும் மாணவர்கள் எழுதியதைத்தான் முதலில் படிக்கச் சொல்வேன், மார்க்கை விட்டுவிட்டு. "அருமையான ஆசிரியர்கள்" என்ற வரியைத் தாண்டிவிடுங்கள். "லேபில் இடம் கிடைக்க ஒரு செமஸ்டர் காத்திருந்தேன்" என்றால் பென்சிலால் கோடு போடுங்கள். வெவ்வேறு ஆண்டு படித்த மூன்று பேர் அதே குறையைச் சொன்னால் அது புலம்பல் இல்லை. யார் எழுதியது என்பதும் முக்கியம். இலக்கியம் படித்தவரின் பாராட்டு, இயற்பியல் படிக்கப் போகிறவளுக்கு எவ்வளவு உதவும்?

புத்தகத்தில் எனக்குப் பிடித்தது, யாரும் புரட்டாத புள்ளிவிவரப் பக்கம். முதலாண்டு முடித்து இரண்டாம் ஆண்டுக்குத் திரும்பியவர்கள் எத்தனை பேர், குறித்த காலத்தில் பட்டம் வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். அதில் இல்லாததைத் துறைக்கே எழுதிக் கேட்கட்டும்: முதலாண்டுப் பாடத்தை நடத்துவது பேராசிரியரா, ஆய்வு மாணவரா? பதில் வருகிறதா, எத்தனை நாளில் வருகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், அந்த நான்கு புத்தகங்களும் எந்த ஆண்டுப் பதிப்பு என்று பார்த்தீர்களா?