மெகாபிக்சல் கூடினால் படத்தின் தரமும் கூடுமா?

பிக்சல் என்றால் என்ன, 50 மெகாபிக்சல் கைபேசியை விட 200 மெகாபிக்சல் கைபேசி நல்ல படம் எடுக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். திருமண ஆல்பங்களை வடிவமைத்து அச்சுக்கு அனுப்புவது என் தொழில் என்பதால், வாடிக்கையாளர்களும் இதே கேள்வியை என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். பிக்சல்களின் எண்ணிக்கை, ஒரு படத்தில் அதிகபட்சம் எவ்வளவு நுணுக்கம் அடங்கும் என்பதைச் சொல்கிறது. அந்த நுணுக்கம் உண்மையில் பதிவானதா என்பதை, கேமராவுக்குள் ஒளியை அளக்கும் சில்லான சென்சாருக்குக் கிடைத்த ஒளியும் அதற்கு முன்னால் இருக்கும் லென்ஸுமே தீர்மானிக்கின்றன.

படத்தின் ஓரிடத்தில் ஒளி எவ்வளவு இருந்தது என்று அளந்து குறித்துவைத்த எண்தான் பிக்சல். பத்து லட்சம் பிக்சல்கள் சேர்ந்தது ஒரு மெகாபிக்சல். 1957-இல் அமெரிக்காவில் ரஸ்ஸல் கிர்ஷ் என்ற பொறியாளர் மூன்று மாதக் குழந்தையான தம் மகனின் புகைப்படத்தை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றியபோது, அது 176 வரிசைகளும் 176 நிரல்களும் கொண்ட 30,976 புள்ளிகளாக மட்டுமே இருந்தது. ஒவ்வொரு புள்ளியும் கறுப்பா வெள்ளையா என்பதை மட்டுமே அந்தக் கருவியால் சொல்ல முடிந்தது. இன்று நாம் பயன்படுத்தும் சாதாரண ஜேபெக் (JPEG) கோப்பு வகைப் படத்தில் ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றுக்கும் 0 முதல் 255 வரையிலான மூன்று எண்கள் உள்ளன. அவற்றின் சேர்க்கையால் ஏறத்தாழ 1.67 கோடி நிறங்களைக் குறிக்கலாம்.

ஆனால் அந்த மூன்று எண்களையும் கேமரா நேரடியாக அளப்பதில்லை. சென்சாரில் ஒளியை அளக்கும் ஒவ்வொரு சிறு கட்டத்தையும் பிக்சல் என்றே சொல்கிறோம். பெரும்பாலான சென்சார்களில் அத்தகைய ஒவ்வொரு பிக்சலின் மேலும் ஒரே ஒரு நிற வடிகட்டி இருக்கிறது. பாதிப் பிக்சல்களுக்குப் பச்சை, கால் பங்குக்குச் சிவப்பு, கால் பங்குக்கு நீலம் என்ற இந்த அமைப்புக்குக் கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்றார். எஞ்சிய இரண்டு நிறங்களையும் பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்துக் கேமராவே கணித்து நிரப்புகிறது. ஆகவே 12 மெகாபிக்சல் படத்தில்கூட நிற எண்களில் மூன்றில் இரண்டு பங்கு கணக்கிட்டுப் பெறப்பட்டவையே. 200 மெகாபிக்சல் கைபேசிச் சென்சார்களிலோ பதினாறு பிக்சல்கள் கொண்ட ஒரு தொகுதி முழுவதற்கும் ஒரே நிற வடிகட்டியை வைக்கிறார்கள். வெளிச்சம் குறைந்த இடங்களில் அந்தப் பதினாறையும் ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படமாகத்தான் கைபேசி தருகிறது.

இப்படிச் சேர்ப்பதற்குக் காரணம் இயற்பியலில் இருக்கிறது. ஒளி, ஃபோட்டான்கள் என்னும் துகள்களாக வந்து விழுகிறது. அந்த வரவு ஒருபோதும் சீராக இருப்பதில்லை. சராசரியாக 10,000 ஃபோட்டான்கள் விழும் பிக்சலில் ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலமான 100, அதாவது 1 சதவீதம். 100 ஃபோட்டான்கள் மட்டுமே விழும் பிக்சலில் அது 10, அதாவது 10 சதவீதம். இந்த ஏற்ற இறக்கத்தைத்தான் இரவில் எடுத்த படங்களின் நிழற்பகுதிகளில் மணல் தூவியது போன்ற நாய்ஸாக நாம் காண்கிறோம். 36-க்கு 24 மில்லிமீட்டர் அளவுள்ள முழுச்சட்டகச் சென்சாரில் 24 மெகாபிக்சல் இருந்தால் ஒரு பிக்சலின் அகலம் ஏறத்தாழ 6 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 200 மெகாபிக்சல் கைபேசிச் சென்சாரில் அது 0.6 மைக்ரான் அளவுக்குச் சுருங்கிவிடும். பரப்பில் வேறுபாடு நூறு மடங்கு. பிக்சல்களைச் சேர்த்து இந்தக் குறையை ஓரளவு ஈடுகட்ட முடியும் என்றாலும், சேர்த்துப் பெறக்கூடிய மொத்த ஒளி சென்சாரின் மொத்தப் பரப்பைப் பொறுத்தது என்பதால், நான் பிக்சல் எண்ணிக்கையைப் பார்ப்பதற்கு முன் சென்சாரின் அளவைப் பார்க்கிறேன்.

லென்ஸும் தன் பங்குக்கு ஒரு வரம்பை விதிக்கிறது. எவ்வளவு குறையற்ற லென்ஸானாலும் அது ஒரு புள்ளி ஒளியைப் புள்ளியாகவே சென்சாரில் விழச்செய்யாது. சிறு வட்டமாகப் பரப்பிவிடும். எஃப் 1.8 (f/1.8) என்று குறிக்கப்படும் லென்ஸ் துளை அளவில் பச்சை ஒளிக்கு அந்த வட்டத்தின் விட்டம் சுமார் 2.4 மைக்ரான். 0.6 மைக்ரான் பிக்சல்களில் நான்கு அந்த அகலத்துக்குள் அடங்கிவிடுகின்றன. ஆகையால் அவை ஒவ்வொன்றும் தனித்தனிச் செய்தியைத் தருவதாக எண்ண முடியாது.

குறைந்த பிக்சல்களால் என்ன சாதிக்கலாம் என்பதற்கு நான் மிகவும் மதிக்கும் சான்று, 1995-இல் ஹப்பிள் தொலைநோக்கி எடுத்த கழுகு நெபுலா என்ற விண்வெளி வாயு மேகத்தின் தூண்களின் படம். அதை எடுத்த கேமராவில் இருந்தவை 800-க்கு 800 பிக்சல் கொண்ட நான்கு சென்சார்கள் மட்டுமே. நான்கையும் கூட்டினாலும் 26 லட்சம் பிக்சல்களுக்கும் குறைவு. 2.4 மீட்டர் விட்டமுள்ள ஆடியும் நீண்ட நேரம் திரட்டிய ஒளியும்தான் அந்தப் படத்தை உருவாக்கின.

அதற்காக எண்ணிக்கை பொருட்டல்ல என்று நான் சொல்லவில்லை. அச்சில் அது நேரடியாகத் தெரியும். நல்ல பார்வை உள்ளவர் 30 சென்டிமீட்டர் தொலைவில் ஏறத்தாழ 0.09 மில்லிமீட்டர் இடைவெளியைப் பிரித்தறிவார். அச்சகங்கள் அங்குலத்துக்கு 300 பிக்சல் கேட்பது இந்தக் கணக்கோடு பொருந்துகிறது. அந்த அளவில் 12-க்கு 18 அங்குல ஆல்பப் பக்கத்துக்கு 3600-க்கு 5400, அதாவது 19.4 மெகாபிக்சல் தேவை. மூன்று மீட்டர் தொலைவிலிருந்து பார்க்கும் ஃபிளெக்ஸ் பேனருக்கோ அங்குலத்துக்கு 30 பிக்சல் போதும் என்பதால், பத்தடி அகலத்துக்கு 3600 பிக்சல் இருந்தாலே நிறைவாக இருக்கும். குழுப்படத்திலிருந்து ஒருவரை வெட்டியெடுக்கும்போதுதான் உண்மையான நெருக்கடி வரும். 4000 பிக்சல் அகலத்தில் இருபது பேர் வரிசையாக நின்றால் ஒருவருக்கு 200 பிக்சல், முகத்துக்கு அதில் பாதி. 300 என்ற கணக்கில் அச்சிட்டால் முகம் மூன்றில் ஒரு அங்குலம்தான் வரும். 12 மெகாபிக்சலை 48 ஆக்கினாலும் அகலத்தில் பிக்சல்கள் இரண்டு மடங்காகத்தான் கூடும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எடுத்த பிறகும் தரம் குறையலாம். ஜேபெக் முறை படத்தை 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் தெரியாத நுணுக்கங்களைக் கழித்துச் சேமிக்கிறது. வாட்ஸ்அப் போன்ற செயலிகள் அனுப்பும்போது படத்தின் அளவைச் சுருக்கி மறுபடியும் அழுத்துகின்றன. அச்சுக்கு வேண்டிய படங்களை டாக்குமெண்டாக அனுப்புங்கள். மூலக் கோப்பு அப்படியே வந்து சேரும். ஃபோட்டோஷாப்பில் அங்குலத்துக்கு இத்தனை பிக்சல் என்று குறிக்கும் 72 என்ற எண்ணை 300 என்று மாற்றி அனுப்புவதால் பயனில்லை. பிக்சல்கள் அப்படியே இருக்க, அச்சு அளவுக்கான குறிப்பு மட்டும்தான் மாறும். படத்தைப் பெரிதாக்கும்படி அமைத்திருந்தால், மென்பொருள் கணித்த பிக்சல்கள் இடையில் சேரும்.

உங்கள் தேர்வுக்கு வருகிறேன். இரண்டு கைபேசிகளின் விவரப் பட்டியலிலும் முதன்மைக் கேமராவின் சென்சார் அளவைப் பாருங்கள். 1/1.3 அங்குலம் என்பது 1/2 அங்குலத்தை விடப் பெரியது. பின்னத்தின் கீழெண் சிறிதாக இருந்தால் சென்சார் பெரிது. கடையில் இரண்டையும் கையில் வாங்கிப் பார்க்க முடிந்தால், வெளிச்சம் குறைந்த ஒரு மூலையில் ஒருவரை நிறுத்தி இரண்டிலும் படமெடுத்து, முழு அளவுக்குப் பெரிதாக்கித் தலைமுடியையும் துணியின் நெசவையும் ஒப்பிடுங்கள். இழைகள் தனித்தனியாகத் தெரியும் கைபேசியை வாங்குங்கள்.