‘ஃபார்மேட் போட்டுரலாங்க’ என்றதும் தலையாட்டலாமா?

கேள்வி: திருப்பூரில் வீட்டை ஒட்டி நாலு பவர் டேபிள் (தையல் மெஷின்) போட்டு நானும் வீட்டுக்காரரும் பனியன் ஜாப் ஒர்க் செய்கிறோம். கூலிக் கணக்கு, ஜிஎஸ்டி பில் எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில், டேலி என்ற கணக்கு மென்பொருளில் இருக்கிறது. போன வாரம் விண்டோஸ் 10-ஐ 11-ஆக மாற்றினோம். அன்றிலிருந்து ஆன் செய்தால் வட்டம் சுற்றுகிறது, நீலத்திரை வருகிறது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. சர்வீஸ் கடையில் “ஹார்ட் டிஸ்க் போயிருச்சுங்க, புதுசு மாட்டி ஃபார்மேட் போட்டுரலாம், 4,500 ஆகும்” என்கிறார்கள். 20-ஆம் தேதிக்குள் ரிட்டர்ன் போடணும். சரின்னு சொல்லிடலாமுங்களா?

பதில்: பொறுங்க அம்மிணி. அப்கிரேடு வரை ஓடிய கம்ப்யூட்டர் அதற்குப் பிறகு பூட் ஆகவில்லை என்றால் முதல் சந்தேகம் டிஸ்க் மீது வராது. பழைய டிரைவரோ (கம்ப்யூட்டரின் கருவிகளை இயக்கும் மென்பொருள்), பாதியில் நின்ற அப்டேட்டோதான் பெரும்பாலும் காரணம். டிஸ்க் போயிருக்கவும் கூடும். அதை உறுதி செய்ய, டிஸ்க்கை வேறு கம்ப்யூட்டரில் மாட்டி, கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் அதன் நிலையைக் காட்டச் சொல்லுங்கள். ‘குட்’ என்று வந்தால் 4,500 ரூபாய்ப் பேச்சைப் பெரும்பாலும் அங்கேயே நிறுத்தலாம். டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தால் மட்டும் திரும்பத் திரும்ப ஆன் செய்யாதீர்கள்.

கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். பென்டிரைவ், பிரிண்டர் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். விண்டோஸ் சின்னம் தெரிந்ததும் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று தடவை செய்தால் பழுது பார்க்கும் திரை தானாக வரும். அதில் ‘டிரபிள்ஷூட்’, ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’, ‘அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்’ என்று போய் ‘ஃபீச்சர் அப்டேட்’டை நீக்கினால் பழைய விண்டோஸ் 10 திரும்பி வர வாய்ப்புண்டு. இதற்கு வழக்கமான கெடு 10 நாள்தான், நீங்கள் ஏற்கெனவே ஒரு வாரத்தைக் கடத்திவிட்டீர்கள். ‘ரீசெட்’ பக்கம் இப்போதைக்குப் போகவே வேண்டாம். பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) 48 இலக்க எண்ணைக் கேட்டால் பதற வேண்டியதில்லை. கம்ப்யூட்டரில் போட்டிருக்கும் மைக்ரோசாஃப்ட் கணக்கை செல்போனில் திறந்தால் பெரும்பாலும் அங்கே இருக்கும். அந்த எண் இல்லாமல் எந்தக் கடைக்காரராலும் டிஸ்க்கைத் திறக்க முடியாது.

எதுவும் பலிக்காமல் கடைக்கே போகிறீர்கள் என்றால், முதலில் டேட்டா, பிறகுதான் ஃபார்மேட். “பேக்கப் எடுத்தாச்சுங்க” என்று பையன் சொல்வான். டெஸ்க்டாப்பையும் டாக்குமென்ட்ஸையும் மட்டும் எடுத்திருப்பான். டேலிபிரைம் கணக்கு பொதுவாக அங்கே இருக்காது. சி டிரைவில் ‘யூசர்ஸ்’, அதற்குள் ‘பப்ளிக்’, அதற்குள் ‘டேலிபிரைம்’, ‘டேட்டா’ என்று ஒளிந்திருக்கும். அந்த ஃபோல்டரை வேறொரு கம்ப்யூட்டரில் டேலியில் திறந்து, போன மாதக் கூலிக் கணக்கைக் கண்ணால் பார்த்த பிறகு தலையாட்டுங்கள்.

ஜாப் ஷீட்டில் ‘டேட்டா அழிக்கக் கூடாது’ என்று எழுதி வாங்குங்கள். டிஸ்க் மாற்றினால் பழையதைத் திருப்பிக் கேளுங்கள், அது உங்கள் பொருள். மீறி அழித்துவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம், கடைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. ‘தொழிலுக்கு வாங்கினது, நீங்க நுகர்வோரே இல்லை’ என்று எதிர்த்தரப்பு சொல்லிப் பார்க்கும். சுயதொழிலில் பிழைப்புக்காக மட்டும் பயன்படுத்தினால் நுகர்வோர்தான் என்று 2019 சட்டமே சொல்கிறது.

20-ஆம் தேதிக்கு இந்தக் கம்ப்யூட்டரை நம்பி உட்கார வேண்டாம். ஜிஎஸ்டி தளத்தை எங்கிருந்தும் திறக்கலாம். உங்களுக்குச் சரக்கு விற்றவர்கள் ஏற்றிய பில்கள் அங்கே ஜிஎஸ்டிஆர்-2பி என்ற அறிக்கையில் கிடக்கும். நீங்கள் கொடுத்த பில்களின் நகலை கம்பெனிக்காரரிடம் வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்கிவிடுங்கள். தாமதமானால் ஒரு நாளைக்கு 50 ரூபாய் அபராதம், வரி பாக்கி இருந்தால் வட்டி தனி.