மின்காந்தப் பீரங்கி: வேகம் சரி, குழல் தாங்குமா?

கேள்வி: கல்லூரிக் கருத்தரங்கில் மின்காந்தப் பீரங்கி பற்றிப் பேசப்போகிறேன். வெடிமருந்துப் பீரங்கியைவிட அது உண்மையிலேயே மேலானதா? எந்தப் பக்கம் நின்று பேசலாம்?

பதில்: கப்பலைப் பற்றிப் பேசுவதானால் மின்காந்தத்தின் பக்கம் நில்லுங்கள். தரைப்போர் என்றால் வேண்டாம்.

வெடிமருந்துப் பீரங்கியில் குண்டைத் தள்ளுவது மருந்து எரிந்து உண்டாகும் வாயுவின் அழுத்தம். வாயு விரியும் வேகத்துக்கு எல்லை உண்டு. குண்டும் அதற்குக் கட்டுப்பட்டதுதான். 155 மி.மீ. பீரங்கியின் 43 கிலோ குண்டு நொடிக்கு 800 முதல் 950 மீட்டர் வேகத்தில் கிளம்பும். மின்காந்தப் பீரங்கியில் இரண்டு உலோகத் தண்டவாளங்கள், இடையே இரண்டையும் தொட்டபடி வழுக்கி ஓடும் ஒரு கடத்தி. பல லட்சம் ஆம்பியர் மின்சாரம் பாயும்போது காந்தவிசை அதையும் அதனுடன் குண்டையும் உந்துகிறது. ஜப்பானின் 40 மி.மீ. சோதனைப் பீரங்கி நொடிக்கு 2,000 மீட்டரைத் தாண்டிவிட்டது. குண்டின் எடை சுமார் 320 கிராம்தான் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

உந்துமருந்தே தேவையில்லை என்பது மாலுமிகளுக்குப் பெரிய நிம்மதி. 1916 ஜட்லாந்து கடற்போரில் குறைந்தது மூன்று பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் வெடிமருந்து அறை வெடித்தே மூழ்கின.

சிக்கல் குழலில் இருக்கிறது. குண்டைத் தள்ளும் அதே விசை தண்டவாளங்களையும் ஒன்றிலிருந்து ஒன்று விலக்கித் தள்ளுகிறது. கடத்தி உரசும் இடத்தில் தீப்பொறி பறந்து, உலோகம் உருகிப் பள்ளம் விழுகிறது. 155 மி.மீ. குழல் ஆயிரம் குண்டுகளுக்கு மேல் தாங்கும். ஜப்பானில் 120 குண்டுகள் தாங்கியதே சாதனையாகப் பேசப்பட்டது.

அடுத்தது மின்சாரம். 32 மெகாஜூல் ஆற்றலில் நிமிடத்துக்குப் பத்துக் குண்டு என்றால், குண்டுக்குப் போய்ச் சேரும் ஆற்றலே சராசரியாக 5 மெகாவாட்டுக்கு மேல். வெப்பமாக வீணாவது தனிக் கணக்கு. கப்பல் அதைத் தரலாம். லாரி இழுத்துச் செல்லும் பீரங்கிக்குப் பின்னால் மின்நிலையமா வரும்? பதுங்குகுழியில் இருப்பவர்கள்மீது சிதறி வெடிப்பதற்கும் சாதாரணக் குண்டே மேல். மின்காந்தக் குண்டு பெரும்பாலும் வெடிமருந்தில்லாத உலோகம். மோதும் வேகமே அதன் ஆயுதம்.

அமெரிக்கக் கடற்படை 2005இல் இந்தத் திட்டத்தைத் தொடங்கியது. 2010இல் வர்ஜீனியாவின் டால்கிரனில் 33 மெகாஜூல் எட்டியது, 2021இல் நிறுத்தியும்விட்டது. அதற்காக உருவாக்கிய அதிவேகக் குண்டு மட்டும் தப்பித்தது. 2020 செப்டம்பரில், நியூ மெக்சிகோவில், க்ரூஸ் ஏவுகணையைப் போலப் பறந்த இலக்கை அந்தக் குண்டு வீழ்த்தியது. சுட்டது ஒரு வெடிமருந்துப் பீரங்கி.