குறைந்தது என்றால் எவ்வளவு?

மருத்துவ ஆய்வுச் செய்திகளில் புரியாதவற்றைக் கேட்டு எழுதலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ‘குறைந்தது’ என்ற ஒரே சொல்லைச் சுற்றி அமைந்திருந்தன. ஆகவே இம்மாதப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 63. இரண்டு ஆண்டுகளுக்கு முன் மாரடைப்பு வந்தது. கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை, இறக்கும் அபாயத்தை 30 விழுக்காடு குறைக்கிறது என்று படித்தேன். என்னைப் போன்ற நூறு பேர் அதை உட்கொண்டால் முப்பது பேர் பிழைப்பார்கள் என்று பொருள் கொள்ளலாமா? நூற்றுக்கு மூன்று பேருக்குத்தான் பயன், மற்றதெல்லாம் பொய்க்கணக்கு என்கிறார் என் மைத்துனர்.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: ஐயா, உங்கள் மைத்துனர் சொல்லும் எண் சரியானது, ஆனால் மற்றதைப் பொய்க்கணக்கு என்பது சரியல்ல. இரண்டு எண்களும் ஒரே ஆய்விலிருந்து பிறக்கக்கூடியவை. சிம்வாஸ்டாட்டின் என்ற கொழுப்புக் குறைப்பு மாத்திரையைப் பற்றி 1994இல் வெளிவந்த ஸ்காண்டிநேவிய ஆய்வை எடுத்துக்கொள்வோம். ஏற்கெனவே மாரடைப்போ நெஞ்சுவலியோ கண்ட 4,444 பேர் அதில் பங்கேற்றனர். ஏறக்குறைய பாதிப் பேருக்கு மருந்தும், மீதிப் பேருக்கு மருந்தில்லாத போலி மாத்திரையும் கொடுத்து, ஐந்து ஆண்டுகளுக்குச் சற்று அதிகமான காலம் கவனித்து வந்தார்கள். போலி மாத்திரை பெற்ற 2,223 பேரில் 256 பேரும், மருந்து பெற்ற 2,221 பேரில் 182 பேரும் இறந்தனர். நூற்றுக்கு எத்தனை என்று பார்த்தால் முதல் குழுவில் 11.5, இரண்டாம் குழுவில் 8.2.

இந்த இரண்டு எண்களையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்தால் 3.3 கிடைக்கும். உங்கள் மைத்துனர் சொல்லும் மூன்று பேர் இவர்கள்தாம். அதே 3.3ஐ, மருந்து இல்லாவிட்டால் இறந்திருக்கக்கூடிய 11.5 பேரோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய 30 விழுக்காடு வரும். எனவே அந்த முப்பது, மாத்திரை உட்கொள்ளும் நூறு பேரில் முப்பது அன்று; இறந்திருக்கக்கூடிய ஒவ்வொரு நூறு பேரிலும் முப்பது. மருந்து உட்கொண்டவர்களில் பெரும்பாலோர் அது இல்லாமலும் அந்த ஐந்தாண்டுகளைக் கடந்திருப்பார்கள் என்பதும், நூற்றுக்கு எட்டுப் பேர் மருந்து இருந்தும் இறந்தார்கள் என்பதும் ‘30 விழுக்காடு’ என்ற சொல்லுக்குள் மறைந்துபோகின்றன. கழித்துக் கிடைத்த 3.3 போன்றதைத் தனிக்குறைவு என்றும், ஒப்பிட்டுக் கிடைத்த 30 விழுக்காடு போன்றதை ஒப்புக்குறைவு என்றும் இங்கே அழைப்போம். நூறை 3.3ஆல் வகுத்தால் இன்னொரு பயனுள்ள எண் கிடைக்கிறது: முப்பது பேர் ஐந்தாண்டுகள் மாத்திரை உட்கொண்டால் ஒருவருடைய மரணம் தவிர்க்கப்படுகிறது. 1988இல் கனடிய மருத்துவ ஆய்வாளர்கள் அறிமுகப்படுத்திய இந்தக் கணக்குமுறையை நான் பெரிதும் மதிக்கிறேன். நோயாளியிடம் மருத்துவர் நேரடியாகச் சொல்லக்கூடிய எண் அது.

தயவுசெய்து இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ஏற்கெனவே மாரடைப்பு கண்ட உங்களுக்கு அடிப்படை அபாயம் அதிகம். அதனால் அதே ஒப்புக்குறைவு உங்களுக்கு அதிகப் பலனைத் தருகிறது. இதய நோயே இல்லாத, ஐந்தாண்டுகளில் இறக்கும் அபாயம் நூற்றுக்கு 1 மட்டுமே உள்ள ஒருவருக்கு 30 விழுக்காடு குறைந்தால் அது 0.7 ஆகும்; ஆயிரம் பேரில் மூன்று பேருக்குப் பயன். விளம்பரத்தில் இருவருக்கும் ஒரே ‘30’தான் அச்சாகும். ஆகவே எண்ணைப் பார்த்ததும் கேட்க வேண்டியது, எதிலிருந்து குறைந்தது, எத்தனை ஆண்டுகளில் குறைந்தது என்பதுதான்.

கூடுதலைச் சொல்லும்போதும் இதே குழப்பம் நேரும், அதன் விளைவு கொடியதாகவும் இருக்கும். 1995 அக்டோபரில் பிரிட்டனில், சில புதிய கருத்தடை மாத்திரைகள் இரத்தக்கட்டு அபாயத்தை இரு மடங்காக்குகின்றன என்று அதிகாரபூர்வ எச்சரிக்கை வெளியானது. உண்மையில் 7,000 பெண்களில் ஒருவருக்கு இருந்த அபாயம் இருவருக்கு என்று ஆகியிருந்தது. ‘இரு மடங்கு’ என்ற சொல்லைக் கேட்டு அஞ்சிய பெண்கள் பலர் மாத்திரையையே கைவிட்டனர். அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கூடுதலாக ஏறக்குறைய 13,000 கருக்கலைப்புகள் நடந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. இந்த நிகழ்வைப் பற்றி எப்போது எழுதினாலும் எனக்கு மனம் கனக்கிறது. எச்சரிக்கையில் அந்த 7,000ஐயும் சேர்த்து எழுத ஒரு வரிகூடத் தேவைப்பட்டிருக்காது.

கேள்வி: அம்மாவின் எச்பிஏ1சி அளவு 9.0இலிருந்து 7.5க்கு இறங்கியிருக்கிறது. கிளினிக்கில் தாதி 1.5 விழுக்காடு குறைந்தது என்றார். அண்ணனோ 16.7 விழுக்காடு என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறார். எதை எழுதி வைப்பது?
– வாசகி, பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்

பதில்: இருவர் கணக்கும் சரி, அம்மா. கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி என்பதே விழுக்காட்டில் அளக்கப்படுவதால் வரும் சிக்கல் இது. 9.0இலிருந்து 7.5ஐக் கழித்துக் கிடைக்கும் 1.5ஐ ‘விழுக்காட்டுப் புள்ளி’ என்று சொன்னால் குழப்பம் தீர்ந்துவிடும். நீரிழிவு ஆய்வுகளில் எச்பிஏ1சி இத்தனை குறைந்தது என்று வந்தால், பெரும்பாலும் அது இந்தப் புள்ளிக் கணக்குதான். ஆனால் அதே ஆய்வின் அடுத்த வாக்கியத்தில் கணக்கு மாறிவிடும். 1998இல் வெளியான பிரிட்டனின் பெரிய நீரிழிவு ஆய்வில், தீவிரச் சிகிச்சை பெற்றவர்களின் எச்பிஏ1சி 7.0 ஆகவும் மற்றவர்களுடையது 7.9 ஆகவும் இருந்தன. கண், சிறுநீரகம் போன்றவற்றின் நுண்ணிரத்தக்குழாய்ப் பாதிப்புகள் முதல் குழுவில் 25 விழுக்காடு குறைவு. இங்கே 0.9 என்பது புள்ளி, 25 என்பது ஒப்புக்குறைவு. இரண்டையும் ஒரே ‘விழுக்காடு’ என்ற சொல்லால் எழுதினால், வாசகர் 25ஐயும் கழித்தல் கணக்கு என்றே எடுத்துக்கொள்வார். உங்கள் குறிப்பேட்டில் 9.0, 7.5 என்ற இரண்டு அளவுகளையும் தேதியோடு எழுதுங்கள். அவை இருந்தால் எந்தக் குறைவையும் எப்போது வேண்டுமானாலும் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

நம் நாட்டு எண்ணுக்கும் இது பொருந்தும். தேசிய சுகாதார ஆய்வுகளின்படி, 2019இல் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது, 2023இல் 15.6. இதை 2.7 விழுக்காட்டுப் புள்ளிக் குறைவு என்றும், ஏறக்குறைய 15 விழுக்காடு குறைவு என்றும் எழுதலாம். ஆனால் இவ்வெண், கணக்கெடுத்த நேரத்தில் நோயோடு வாழ்வோரின் பங்கைத்தான் காட்டுகிறது. புதிதாக நோய் காண்பவர்கள் குறைந்தாலும் அது இறங்கும், நோயாளிகள் அதிகமாக இறந்தாலும் இறங்கும். எந்தக் காரணத்தால் இறங்கியது என்பதை அந்த எண் தானாகச் சொல்லாது.

கேள்வி: ‘நோய்த்தொற்று மூன்று மடங்கு குறைந்தது’ என்று கட்டுரையில் எழுதினேன். ஆசிரியை அடித்துவிட்டார். செய்திகளில் எல்லாரும் அப்படித்தானே எழுதுகிறார்கள்?
– ஆறாம் படிவ மாணவர், பட்டர்வொர்த்

பதில்: தம்பி, உங்கள் ஆசிரியைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். மாதம் 90 பேருக்குத் தொற்று இருந்தது என்று வையுங்கள். ஒரு மடங்கு, அதாவது 90, குறைந்தாலே மிஞ்சுவது ஒன்றுமில்லை. பிறகு மூன்று மடங்கு எப்படிக் குறையும்? எழுதுபவர்கள் பெரும்பாலும் சொல்ல நினைப்பது, 90 என்பது 30 ஆனது என்பதையே. அதற்குத் தமிழில் ‘மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது’ என்ற தெளிவான தொடர் உண்டு. ‘மூன்றில் ஒரு பங்கு குறைந்தது’ என்றால் மிஞ்சுவது 60. ‘ஆக’ என்ற சிறு உருபு முப்பது நோயாளிகளைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது. ‘20 விழுக்காடு குறைந்தது’, ‘20 விழுக்காடாகக் குறைந்தது’ என்பவற்றுக்கும் இதே வேறுபாடுதான். மாகாணி, காணி என்று இறங்கி முந்நூற்றிருபதில் ஒரு பங்குக்கும் ‘முந்திரி’ என்று பெயர் வைத்துக் கணக்கெழுதிய மொழி நம்முடையது. அதில் குறைவைப் பிழையின்றிச் சொல்ல வழியில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

எண்ணிக்கை எதுவும் 100 விழுக்காட்டுக்கு மேல் குறைய முடியாது. கூடுவதற்கு எல்லை இல்லை. இறக்கமும் ஏற்றமும் ஒரே தளத்தில் நிற்பதில்லை. 8,000 ஆக இருந்த வெள்ளை அணுக்கள் 50 விழுக்காடு குறைந்து 4,000 ஆகி, பிறகு 50 விழுக்காடு கூடினால் 6,000தான் வரும். கிருமிநாசினிப் புட்டிகளையும் பாருங்கள். ஒன்றில் 99.9, இன்னொன்றில் 99.99 என்று இருந்தால், வேறுபாடு அற்பமாகத் தோன்றும். ஒரு மில்லியன் கிருமிகளில் முதலாவது 1,000ஐ மிச்சம் வைக்கும், இரண்டாவது 100ஐ மட்டுமே. இத்தகைய இடங்களில் கொல்லப்பட்டதை அல்ல, மிஞ்சியதை ஒப்பிட வேண்டும்.

விழுக்காட்டைப் பயன்படுத்தவே கூடாத இடமும் உண்டு. காய்ச்சல் 40 பாகை செல்சியஸிலிருந்து 37க்கு இறங்கியதை 7.5 விழுக்காடு குறைவு என்று எழுதினால், அதே இறக்கம் ஃபாரன்ஹீட்டில் 104இலிருந்து 98.6 ஆகி, ஏறக்குறைய 5 விழுக்காடு என்று வரும். உடல் ஒன்று, காய்ச்சலும் ஒன்று. இரண்டு அளவுகோல்களிலும் சுழி என்பது வசதிக்காக வைத்த புள்ளியே ஆதலால், அங்கே பாகைக் கணக்கு மட்டுமே பொருளுடையது.

கேள்வி: கோயில் மருத்துவ முகாமில் என் இரத்த அழுத்தம் 168/98 என்றார்கள். பயந்துபோய் ஒரு மாதம் மூலிகைக் கஷாயம் குடித்தேன். இப்போது 148/90. கஷாயம் வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?
– வாசகர், ஜார்ஜ்டவுன், பினாங்கு

பதில்: வேண்டும், ஐயா. இரத்த அழுத்தம் ஒரே நாளிலேயே ஏறி இறங்கும் ஒன்று. வெயிலில் நடந்து வந்து, கூட்டத்தில் காத்திருந்து, பதற்றத்தோடு கையை நீட்டிய வேளையில் அது உங்கள் வழக்கமான அளவைவிட உயர்ந்திருக்கலாம். அசாதாரணமாக உயர்ந்த அளவைக் கண்டபோதுதான் நாம் மருந்தைத் தேடுகிறோம். அதனால் அடுத்த முறை அளக்கும்போது, எதுவும் குடிக்காவிட்டாலும், அது வழக்கமான அளவை நோக்கித் திரும்பவே வாய்ப்பு அதிகம். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியைவிட உயரமாக இருந்தாலும் பெற்றோர் அளவுக்கு இருப்பதில்லை என்பதைப் பிரான்சிஸ் கால்டன் 1886இல் எண்களோடு காட்டினார். சராசரியை நோக்கிய அந்தத் திரும்பல்தான் இங்கேயும் நடக்கிறது. கஷாயம் பயனற்றது என்று நான் சொல்லவில்லை. உங்கள் இரண்டு அளவுகளால் அதை எந்தப் பக்கமும் முடிவுகட்ட இயலாது என்கிறேன்.

ஆய்வுகளில் ஒப்பீட்டுக் குழு வைப்பதன் தலையாய காரணங்களில் இதுவும் ஒன்று. மருந்து பெறாத குழுவிலும் அழுத்தம் 12 புள்ளி இறங்கி, மருந்து பெற்ற குழுவில் 20 இறங்கினால், மருந்தின் பங்கு 8 மட்டுமே. ‘சிகிச்சைக்கு முன், சிகிச்சைக்குப் பின்’ என்று ஒரே குழுவை மட்டும் காட்டும் விளம்பரம் அந்தப் பன்னிரண்டையும் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறது. மேலும், 148/90 இன்னும் உயர்வுதான். ஒரு வாரம் காலையும் மாலையும் அமைதியாக உட்கார்ந்து அளந்து, அந்தக் குறிப்போடும் கஷாயத்தின் பெயரோடும் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: கிரியேட்டினின் இரு மடங்கானால் சிறுநீரகச் செயல்பாடு பாதியாகிவிட்டது என்று பொருளா?
– வாசகி, ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: ஏறக்குறைய அப்படித்தான், ஆனால் பாதியையும் தாண்டிவிடும். சிறுநீரகம் இரத்தத்திலிருந்து வடிகட்டி அகற்றும் கழிவுப்பொருளான கிரியேட்டினின் ஏற ஏறச் செயல்பாடு இறங்குகிறது என்றாலும், இரண்டும் நேர்விகிதத்தில் நகர்வதில்லை. ஆய்வாளர்கள் பயன்படுத்தும் மதிப்பீட்டுச் சூத்திரத்தின்படி, கிரியேட்டினின் லிட்டருக்கு 90 மைக்ரோமோலிலிருந்து 180க்கு உயர்ந்தால் வடிகட்டும் திறன் ஏறக்குறைய 57 விழுக்காடு குறைந்திருக்கும். சிறுநீரக மருந்து ஆய்வுகளில் ‘57 விழுக்காடு வீழ்ச்சி’ என்ற விசித்திரமான எல்லை அடிக்கடி வருவது இதனால்தான். அவ்வளவு வீழ்ச்சிக்குக் காத்திருந்தால் ஆய்வு பல ஆண்டுகள் நீளும் என்பதால், இப்போது 40 விழுக்காட்டு வீழ்ச்சியையும் எல்லையாகக் கொள்கிறார்கள். எனவே இரண்டு மருந்துகளை ஒப்பிடும்போது, எந்த எல்லையை வைத்து எண்ணினார்கள் என்று பார்க்க வேண்டும். முந்தைய நாள் நிறைய இறைச்சி சாப்பிட்டிருந்தாலோ, உடலில் நீர் குறைந்திருந்தாலோ கிரியேட்டினின் தற்காலிகமாக உயரக்கூடும். ஒரே ஒரு பரிசோதனையை வைத்து அஞ்சாமல், பழைய அறிக்கைகளையெல்லாம் எடுத்துக்கொண்டு போய், மீண்டும் ஒருமுறை அளந்து பார்க்கலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.